கயிறு பிடிக்கிற மச்சான்

தலைமன்னார் பியரில், ரயில் வந்து நிற்கும் இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு தேத்தண்ணிக் கடை. பின்னேரம் நாலரை மணி. சோளகம் இன்னும் எழும்பாத மாதம். கடல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தது. எதிரே இருந்த தம்பி பிளேன்டீயில் ஒரு வாய் குடித்துவிட்டுத் தன் போனை என் பக்கம் திருப்பினான். வெள்ளை வெளேரென்று ஒரு மலை. அதன்மேல் ஒரு கறுப்புப் புள்ளி நெளிந்து நெளிந்து கீழே வருகிறது.

"இதைப் பார்த்திட்டு எல்லாரும் வாயைப் பிளக்கிறாங்கள் அண்ணை. சும்மா வழுக்கிக்கொண்டுதானே வாறான்?"

அவன் கேட்டதில் தப்பில்லை. மன்னார்த் தீவில் மலை கிடையாது. பனையைவிட உயரமாக எதையாவது பார்க்க வேண்டுமென்றால் வெளிச்ச வீட்டையும் காற்றாலையையும்தான் பார்க்க வேண்டும். பனிக்கட்டியை நாங்கள் பார்ப்பது மீன்பெட்டிக்குள்.

ஆனால் அவன் கேட்டதற்கு வேறொரு காரணமும் இருந்தது. அடுத்த மாதம் இங்கிருந்து தனுஷ்கோடிக்கு ஒருவர் நீந்தப்போகிறார். துணைப்படகு இவனுடைய சம்மாட்டியின் படகு. நீந்துகிறவருக்குச் சாப்பாடு நீட்டுவதும் இவன், வீடியோ எடுப்பதும் இவன் என்று பேச்சு முடிந்திருந்தது. சம்மாட்டியும் அதே மேசையில், பணிஸைப் பிய்த்துத் தேத்தண்ணியில் தோய்த்துக்கொண்டிருந்தார். நான் சில காலம் படத்தொகுப்பு வேலை பார்த்தவன் என்பதால் கேள்வி என்னிடம் வந்தது. இன்னும் மூன்று பிளேன்டீக்குச் சொல்லிவிட்டு அடியிலிருந்து தொடங்கினேன்.

முதலில் அந்தப் பலகை. காலுக்கு ஒன்றாக, ஏறக்குறைய ஆள் உயரத்தில், சப்பாத்தோடு பூட்டியிருக்கும். நேரே விட்டால் ஓடிக்கொண்டே இருக்கும்; பிரேக் கிடையாது. பலகையைக் குறுக்கே திருப்பி, அதன் இரும்பு விளிம்பைப் பனியில் பதித்தால்தான் வேகம் அடங்கும். அவன் நெளிந்து நெளிந்து வருவது அழகுக்காக என்று நினைக்கிறோம். ஒவ்வொரு நெளிவும் ஒரு பிரேக். ஒரு நெளிவு பிழைத்தால் அடுத்ததற்கு நேரம் கிடைக்காது.

அடுத்தது சரிவு. கடற்கரை வாடியின் ஓலைக் கூரையை எடுத்துக்கொள்ளுங்கள். சாய்வு 45 பாகை என்று வைத்துக்கொண்டால், ஓர் அடி முன்னே போனால் ஓர் அடி கீழே போகிறோம். 60 பாகை என்றால் ஓர் அடி முன்னே வைக்க, ஒன்றே முக்கால் அடி கீழே. அந்தச் சரிவில் நிமிர்ந்து நின்று கையைப் பக்கவாட்டில் நீட்டினாலே மலை தட்டுப்படும். இப்போது அந்தக் கூரையை இரண்டு மூன்று கிலோமீற்றர் உயரத்துக்கு இழுத்துவிடுங்கள். கீழே மணல் இல்லை. பாறையும் பனி வெடிப்பும். வழக்கமான பனிச்சறுக்கில் விழுந்தால் உருண்டுபோய் நின்று, எழும்பிச் சிரிக்கலாம். இந்த வகையில் விழுந்தால் நிற்கவே முடியாது. தீவிரப் பனிச்சறுக்கு என்பதற்கு இதைவிடப் பெரிய விளக்கம் தேவையில்லை.

தம்பி காட்டியது கே2 மலை. உயரம் 8,611 மீற்றர், உலகில் இரண்டாவது. 2018 ஜூலை 22ஆம் திகதி போலந்து நாட்டு அன்ட்ஷேய் பார்கியல், ஒட்சிசன் சிலிண்டர் இல்லாமல் அதன் உச்சிக்கு ஏறி, அங்கிருந்து அடிவார முகாம் வரை சறுக்கியே இறங்கினார். அதற்கு முன் அந்த மலையில் அதை முழுமையாகச் செய்தவர் எவருமில்லை.

"அப்ப ஏன் பார்க்கத் தட்டையாக் கிடக்கு?" என்றான் தம்பி.

படமெடுக்கிறவர்களின் தலையிடியே அதுதான். கமராவுக்குச் சரிவு தெரியாது. சரிவை நேர்மேலிருந்தோ நேரெதிரே நின்றோ எடுத்தால் அது விரித்த பாய்போல ஆகிவிடும். மேசன் சுவர் நேராக இருக்கிறதா என்று தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பார் இல்லையா? படத்திலும் அப்படி ஒரு தூக்குக்குண்டு வேண்டும். பக்கவாட்டிலிருந்து எடுத்து, அடிவானத்தையோ எதிர் மலையையோ சட்டத்துக்குள் வைத்தால்தான் கண் சாய்வை அளக்கும். தலைக்கவசத்தில் பொருத்தும் சின்னக் கமராக்கள் இன்னும் மோசம். அவற்றின் அகன்ற வில்லை கிட்ட இருப்பதைப் பெருப்பித்து, தூரத்தைத் தள்ளிவிடும். செங்குத்துச் சரிவு வீதிபோலாகிவிடும். வேகம் தெரியும், ஆழம் தெரியாது.

இதையெல்லாம் சரிக்கட்டத்தான் ஓர் இறக்கத்தை நான்கு இடங்களிலிருந்து எடுக்கிறார்கள். எதிர் மலை முகட்டில் நீண்ட வில்லையோடு ஒருவர் காத்திருப்பார். ஆள் புள்ளியாகத் தெரிவது அவருடைய காட்சியில். ஹெலிகொப்டரிலோ ட்ரோனிலோ ஒரு கமரா மலையைச் சுற்றும். கையில் கமராவோடு, சறுக்கிக்கொண்டே பின்னால் ஒருவர் வருவார். நான்காவது, சறுக்குகிறவரின் உடம்பிலேயே இருப்பது. குளிரில் பற்றரி சீக்கிரம் செத்துவிடும் என்பதால் அதை உள்சட்டைக்குள் வைத்து, உடம்புச் சூட்டில் காப்பாற்றி, கடைசி நிமிடத்தில் பூட்டுவார்கள். வெயில் உச்சிக்கு வந்தால் வெள்ளையில் வெள்ளை கலந்து மேடுபள்ளம் மறைந்துவிடும். அதனால் காலை அல்லது மாலைச் சாய்வெயிலுக்குக் காத்திருப்பார்கள். எல்லாம் சரியாக வந்தபின் வோக்கிடோக்கியில் மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்ணுவார்கள். புறப்பட்டுவிட்டால் அவ்வளவுதான். தொடாத பனியில் ஒரு முறைதான் கோடு கீற முடியும். கமரா ஓடவில்லை, இன்னொருமுறை போ என்று சொல்ல வழியில்லை. படம் பார்க்கும்போது காதில் விழும் அந்தச் சர்ர் என்ற சத்தம் பெரும்பாலும் பிறகு கலையகத்தில் சேர்த்தது. மலையில் மைக்குக்குக் கிடைப்பது காற்றின் இரைச்சல் மட்டும்.

சம்மாட்டி பணிஸை வைத்துவிட்டுக் கேட்டார்: "பின்னால கமராவோட வாறவன் எப்பிடி இறங்குவான்?"

அந்த மேசையில் கேட்கப்பட்ட நல்ல கேள்வி அதுதான். இந்த வகைப் படம் எதைப் பார்த்தாலும் அந்தக் கேள்வியைக் கையில் வைத்திருக்க வேண்டும்: இதை எடுத்தவன் எங்கே நின்றான், எப்படி இறங்கினான்?

அவனும் சறுக்கித்தான் இறங்குகிறான். இந்தக் கலை தொடங்கிய நாளிலிருந்தே அப்படித்தான். 1920களில் ஜெர்மனியில் ஆர்னோல்ட் ஃபாங்க் மலைப் படங்கள் எடுத்தபோது, ஒளிப்பதிவாளர்களே தேர்ந்த சறுக்கு வீரர்களாக இருக்க வேண்டியிருந்தது. அந்தக் காலத்து மரப்பெட்டிக் கமராவையும் முக்காலியையும் முதுகில் கட்டிக்கொண்டு ஏறினார்கள். அமெரிக்காவில் வாரன் மில்லர் 1950 முதல் ஆண்டுக்கொரு சறுக்குப் படம் எடுத்து, ஊர் ஊராக மண்டபம் பிடித்து, திரைக்குப் பக்கத்தில் நின்று தானே கதை சொன்னார். நம்மூர்க் கூத்தில் கட்டியக்காரன் வந்து நிற்பதுபோல. 1969இல் வந்த ஜேம்ஸ் பொண்ட் படம் ஒன்றுக்காக, ஜெர்மனியின் வில்லி பொக்னர் பின்பக்கமாகச் சறுக்கிக்கொண்டே, கமராவைக் கையில் பிடித்து, எதிரே வருகிறவர்களை எடுத்தார். அதற்காகவே அவருடைய பலகைகள் இரண்டு முனையிலும் வளைந்திருந்தன.

சம்மாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இது எங்கட முத்துக்குளிப்புக் கதைதான்" என்றார்.

அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். இந்தக் கரையில், அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிப் பக்கம் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், குளிக்கிறவன் கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்து இறங்குவான். ஐந்து பாகம், எட்டுப் பாகம், பத்துப் பாகம். அடியில் ஒரு நிமிடம் முன்பின் இருப்பான். சிப்பியை அள்ளிப் பைவலையில் போடுவான். மூச்சு முட்டினால் கயிற்றை ஒரு சுண்டு சுண்டுவான். மேலே தோணியில் கயிறு பிடித்திருப்பவன் அந்தச் சுண்டலைக் கையால் கேட்டு இழுக்க வேண்டும். அவன் கண் வேறெங்கும் போகக்கூடாது. பக்கத்துத் தோணியின் பகிடிக்குக் காது கொடுக்கக்கூடாது.

"கயிறு பிடிக்கிறவன் பெஞ்சாதியின்ர அண்ணன் தம்பியா இருக்க வேணும் எண்டு அந்தக் காலத்து ஆக்கள் சொல்லுவாங்கள். சகோதரியின்ர தாலி அவன்ர கையில கிடக்கு. விடமாட்டான்."

இந்தச் சொல் தூத்துக்குடிப் பக்கமும் உண்டு. இரண்டு கரையிலும் குளித்தவர்கள் ஒரே ஆட்கள்தானே. முத்துக்குப் பெயர் வந்தது, குளித்தவனுக்குக் கூலி வந்தது; கயிற்றுக்காரன் படத்திலேயே இல்லை. ஆனால் அவன் இல்லாவிட்டால் குளித்தவன் இல்லை.

நான் தம்பியின் போனை வாங்கி அந்தக் காட்சியைத் திரும்ப ஓடவிட்டேன். கே2வில் அந்த ட்ரோனைப் பறக்கவிட்டது யார் தெரியுமா? பார்கியலின் சகோதரர் பார்டெக். படம் எடுத்தது மட்டுமல்ல, இறங்கும் பாதையை முன்கூட்டியே பறந்து பார்த்ததும் அந்த ட்ரோன்தான். கதை இன்னும் இருக்கிறது. அதே ஜூலையில், சில நாள் முன்னதாக, பக்கத்து மலையான பிராட் பீக்கில் ரிக் அலன் என்ற பிரித்தானிய மலையேறி காணாமற்போனார். இறந்துவிட்டார் என்றே பலர் நினைத்தார்கள். பார்டெக்கின் ட்ரோன் அவரை உயிரோடு கண்டுபிடித்தது. மீட்கப் போனவர்களுக்கு இடம் காட்டிக் கொடுத்தது. படமெடுக்க வந்த கருவி, தேவை வந்தபோது கயிறாக மாறியது.

"அப்ப மச்சானுக்குப் பதிலா கூடப்பிறந்தவன்" என்றார் சம்மாட்டி.

எல்லா முறையும் இப்படி நல்லபடி முடிவதில்லை. 1964 ஏப்ரலில் சுவிற்சர்லாந்தின் சென் மொரிட்ஸ் அருகே இதே பொக்னர் ஒரு சறுக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். பனிச்சரிவு விழுந்து, அமெரிக்காவின் பட்டி வெர்னர், ஜெர்மனியின் பார்பி ஹென்னபெர்கர் என்ற இரண்டு முன்னணி வீரர்கள் செத்தார்கள். வழக்கு நடந்து, கடைசியில் பொக்னருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. படம் எடுக்கிறவனுக்கும் அந்த மலையில் பொறுப்பு உண்டு என்று ஒரு நீதிமன்றம் எழுதி வைத்த இடம் அது.

பனிச்சரிவைப் பற்றி ஒரு வார்த்தை. மிகச் செங்குத்தான இடத்தில் பனி தங்காது, அவ்வப்போது உதிர்ந்துவிடும். தட்டையான இடத்தில் அசையாது. 30 பாகைக்கும் 45 பாகைக்கும் இடையில்தான் அது குவிந்து, ஒரு மனிதனின் பாரத்துக்காகக் காத்திருக்கும். சறுக்குவதற்கும் படத்துக்கும் ஆசையான சரிவும் அதேதான். இப்படிச் செத்துப்போனவர்களில் மிகப் பெரும்பாலானோர் தாங்களோ தங்கள் கூட்டத்தில் ஒருவரோ கிளப்பிவிட்ட பனிச்சரிவிலேயே புதைந்தவர்கள். புதைந்தவரை முதல் கால் மணி நேரத்துக்குள் தோண்டியெடுக்காவிட்டால் நம்பிக்கை மளமளவென்று குறைந்துவிடும். வெளியிலிருந்து ஹெலிகொப்டர் வர அவ்வளவு நேரம் போதாது. தோண்ட வேண்டியவன் பக்கத்தில் நிற்கிறவன், அதாவது பெரும்பாலும் கமராக்காரன். அதனால்தான் அவன் முதுகில் மண்வெட்டியும் நீளக் கம்பியும், மார்பில் சமிக்ஞைக் கருவியும் இருக்கும்.

எவரெஸ்ட் கதையையும் சொன்னேன். 1970 மே 6ஆம் திகதி ஜப்பானின் யுயிச்சிரோ மியூரா, ஏறக்குறைய 8,000 மீற்றர் உயரத்தில், வேகத்தைக் குறைக்க முதுகில் ஒரு பரசூட்டைக் கட்டிக்கொண்டு சறுக்கினார். இரண்டரை நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்தது. பரசூட் பெரிதாக உதவவில்லை. விழுந்து, நானூறு மீற்றரளவு உருண்டு, ஒரு பெரும் பனிப்பிளவுக்குக் கொஞ்சத் தூரத்துக்கு முன்னால் தற்செயலாக நின்றார். அந்தப் பயணத்தைக் கனடாவின் குரோலி நிறுவனம் ஆவணப்படமாக்கி, 1976இல் ஒஸ்கார் வாங்கியது. படத்தின் பெயர் 'எவரெஸ்டில் சறுக்கி இறங்கிய மனிதன்'. ஒரு மனிதன். ஆனால் அதற்கு ஒரு மாதம் முன்பு, அதே பயணத்துக்காகச் சுமை தூக்கிய ஆறு ஷெர்பாக்கள் கும்பு பனிவீழ்ச்சியில் செத்திருந்தார்கள். படம் அதை மறைக்கவில்லை. அந்தச் சாவுகளும் அதில் இருக்கின்றன. என்றாலும் தலைப்பில் ஒருவருக்குத்தான் இடம் கிடைத்தது.

இன்னொரு தொல்லை, கமரா இருப்பதாலேயே வரும் துணிச்சல். சறுக்குகிறவர்கள் பகிடியாக அதற்குக் 'கொடக் தைரியம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். யாரும் பார்க்காவிட்டால் வேண்டாம் என்று திரும்பியிருப்பான். மூன்று கமரா, ஒரு ஹெலிகொப்டர், மணிக்கணக்கில் வாடகை என்றால் திரும்ப வெட்கம். நல்ல குழு இதை முதலே பேசி முடித்துவிடும்: திரும்பி வா என்று சொல்லும் உரிமை யாருக்கும் உண்டு, காரணம் கேட்கக்கூடாது. 2017இல் அலெக்ஸ் ஹொனோல்ட் கயிறே இல்லாமல் எல் கப்பித்தான் பாறையில் ஏறியதை எடுத்தவர்கள், ஆபத்தான ஓர் இடத்தில் ஆளை நிறுத்தாமல் தூரத்திலிருந்து இயக்கும் கமராவை வைத்தார்கள். ஒரு முகம் தெரிந்தால்கூட ஏறுகிறவனின் மனம் சிதறலாம் என்ற பயம். நல்ல காட்சி கிடைக்காமல் போனாலும் பரவாயில்லை என்று அவர்கள் எடுத்த முடிவு அது. அந்தப் படமும் ஒஸ்கார் வாங்கியது என்பது வேறு கதை.

வெளிச்சம் சாயத் தொடங்கிவிட்டது. இனி உன் கடல் கதைக்கு வருவோம் தம்பி என்றேன்.

பாக்கு நீரிணையை நீந்தியவர்களின் பட்டியல் நீளமானது. தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி 1954இலேயே அக்கரை சேர்ந்தார். 1966 ஏப்ரலில் வங்காளத்தின் மிகிர் சென் இந்தத் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தியபோது இந்தியக் கடற்படை துணை வந்தது. 1971இல் நம் ஆழிக்குமரன் ஆனந்தன் போய் வர 51 மணி நேரம் எடுத்தார். 2021இல் இலங்கை விமானப்படையின் ரொஷான் அபேசுந்தர இங்கிருந்து தனுஷ்கோடிக்குப் போய்த் திரும்பியது 28 மணி 19 நிமிடத்தில். பெயரும் மணியும் எல்லாருக்கும் மனப்பாடம். ஆனந்தனுக்கு அந்த 51 மணி நேரமும் துணைப்படகில் சோறு தண்ணி கொடுத்தது யார் என்று கேட்டேன். மூன்று பேரில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை.

மலையில் எதிரி சரிவு; கடலில் நேரம். மியூராவின் இறக்கம் நிமிடக் கணக்கு. நீச்சல் பத்து மணி, பதின்மூன்று மணி, சில வேளை ஒரு நாளுக்கு மேல். கையைத் தூக்கிக் கையைப் போடுவதை அவ்வளவு நேரம் யார் பார்ப்பார்? ட்ரோனை மேலே விட்டால் நீரோட்டமும் தெரியாது, அலையும் தெரியாது; நீலப்பாயில் ஒரு புள்ளி. கே2வில் வந்த அதே சிக்கல். அதற்கு மருந்தும் அதேதான்: தண்ணீர் மட்டத்துக்கு இறங்கு. படகின் விளிம்பையும் நீந்துகிறவரின் தலையையும் ஒரே சட்டத்தில் வை. அலை தூக்கும்போது தலை மறைவதைப் பார்வையாளன் பார்க்கட்டும். இரவில் எடு. ஒவ்வொரு மணியும் முகத்தை ஒருமுறை எடு. உப்பில் உதடு வீங்கி வருவது தானாகக் கதை சொல்லும். சொறிமுட்டைத் தழும்பை எடு. தனுஷ்கோடி கண்ணுக்குத் தெரிந்தும் நீரோட்டம் இழுப்பதால் கிட்ட வராத அந்தக் கடைசி நேரத்தை வெட்டாமல் எடு. ட்ரோன் என்றால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதியும், எல்லைக் கடல் என்பதால் கடற்படையின் சம்மதமும் முன்கூட்டியே வேண்டும்.

தம்பி எல்லாவற்றையும் போனில் குறித்துக்கொண்டான். பிறகு, "சாப்பாடு குடுக்கிற நேரம் கமராவை எங்க வைக்கிறது?" என்றான்.

அதைத்தான் நான் வந்ததிலிருந்து சொல்ல நினைத்தேன். நீந்துகிறவர் படகைத் தொடக்கூடாது, அது விதி. அரை மணிக்கொரு தரம் தடியின் நுனியில் கோப்பையைக் கட்டி நீட்டுவார்கள். அவர் அதை வாங்கும்போது கை நடுங்குகிறதா, கேட்டதற்குப் பேச்சு ஒழுங்காக வருகிறதா, பெயர் மாறிச் சொல்கிறாரா என்று பார்க்க வேண்டியது தடி பிடித்தவன். உடம்பு தளர்வதை முதலில் காண்பவன் அவன்தான். அந்த நேரம் அவன் கண் கமராத் திரைக்குள் இருந்தால் அது எவ்வளவு நல்ல காட்சியாக இருந்தாலும் தப்பு. முத்துக்குளிப்பில் கயிற்றுக்காரனிடம் யாராவது சங்கைக் கொடுத்து ஊதச் சொல்வார்களா?

சம்மாட்டி கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. இன்னொரு ஆள் என்றால் இன்னொரு நாள் கூலி, சாப்பாடு, படகில் இன்னொரு இடம். அது அவருக்குச் செலவு, எனக்குத் தெரியும். ஆனால் இரண்டு வேலைக்கும் இரண்டு ஆள் வேண்டும். தடி பிடிக்கிறவன் தடியை மட்டும் பிடிக்கட்டும். கமரா பிடிக்கிறவன் அவனையும் சேர்த்து எடுக்கட்டும். ஓர் ஆளின் கூலியை மிச்சம் பிடித்து எடுக்கிற படம் எங்களுக்கு வேண்டாம்.